இஸ்திரி போட்ட துப்பாக்கி

பழுதுபார்க்கும் உங்கள் மேசைக்கு ஒரு துப்பாக்கி வரும். கொண்டுவந்தவர் விரலை நீட்டி, மரக்கட்டையில் விழுந்திருக்கும் கீறலைக் காட்டுவார். காட்டட்டும். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். முதலில் துப்பாக்கியைத் திறந்து, குழலுக்குள் ஒன்றும் இல்லை என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இதைப் பயிற்சியின் முதல் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். தேர்வில் அழகான கையெழுத்தில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஒரு விதி எதற்காக இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவது வேறு, உடம்புக்குத் தெரிவது வேறு. என் உடம்புக்குத் தெரிந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதுச்சேரியில், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பழுதுபார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது மூலக்குளத்தில் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். செடிகள் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கு வேலை கற்றுக்கொடுப்பதில்லை. பெரிய நிம்மதி.

துப்பாக்கி என்றால் எல்லாருக்கும் இரும்புதான் நினைவுக்கு வரும். எங்களிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் மரத்தைப் பற்றியவை. தோளில் பதியும் பின்கட்டையில் ஒரு கோடு விழுந்துவிட்டால், குழலுக்குள் துரு பிடித்தபோது வராத கண்ணீரெல்லாம் உரிமையாளருக்கு வந்துவிடும். ஒரு வழக்கறிஞர் கீறலைப் பழுப்பு நிற ஷூ பாலிஷால் நிரப்பினார். பிறகு வெள்ளைச் சட்டையோடு அதைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். சட்டையில் ஒட்டியது எப்படிப் போகும் என்று எங்களிடம்தான் வந்து கேட்டார். இன்னொருவர் மரவேலைக்காரரிடம் கொடுத்து, அரக்கைக் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அடித்துக்கொண்டு வந்தார். இந்த ஊரில் எதற்கு முன்னாலும் பிரெஞ்சு என்று சேர்த்துவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். மழைக்காலத்து ஈரத்தில் கட்டை முழுவதும் தேமல் விழுந்தது போல வெளுத்துப்போனது.

எல்லாரும் கீறல் என்று ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மேல்பூச்சில் மட்டும் விழுந்த கோடு ஒன்று. நார் அறுபடாமல் அமுங்கிப்போன பள்ளம் ஒன்று. நாரே அறுந்துபோன வெட்டு ஒன்று. அமுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்து அளவாகச் சூடு காட்டினால், நார் நீரைக் குடித்து மேலே எழும்பி வரும். அறுந்த நாரை எந்தச் சூடும் ஒட்டவைக்காது. வீடியோக்களில் முதல் வாக்கியத்தோடு பாட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதைச் சொல்வதில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளை இருந்தது. பெயர் வேண்டாம். அதன் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பார். வாசல் காவலாளிகளின் துப்பாக்கிகளை நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். இரும்பு நாற்காலியின் கைப்பிடி உரசிய தடம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும். யாரும் பிடுங்கிக்கொண்டு ஓடாமலிருக்க இடுப்பில் கட்டியிருக்கும் சங்கிலியின் தடம் இன்னோர் இடத்தில். சங்கிலியைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்துவிடுங்கள், நாற்காலிக் கையில் கம்பளித் துணி சுற்றுங்கள், பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும் என்று எல்லாக் கிளைகளுக்கும் சொல்லியிருந்தேன். முத்தியால்பேட்டைக்காரர்கள் என்னை விடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளையின் பகல் காவலாளி வந்தார். தாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர், எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓட்டுநராக இருந்து இந்த வேலைக்கு வந்தவர். பின்னாலேயே ஒரு பெண், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்தாள்.

"சார், நாளைக்கு எங்க பெரிய ஆபீசரு வராரு. இத்த இன்னிக்கே சரி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார் தாஸ்.

துப்பாக்கி கறுப்பு ரெக்சின் உறைக்குள் இருந்தது. குழலின் வாயும் பின்கட்டையின் நுனியும் மட்டும் வெளியே தெரிந்தன. பின்பக்கத்தில் மட்டும் தையலைக் கொஞ்சம் பிரித்து மடக்கிவிட்டிருந்தார்கள். மடிப்பை விலக்கிக் காட்டினார். கட்டையின் பக்கவாட்டில் ஒரு வெட்டு. அதைச் சுற்றி, முனை கூர்மையாக, அடி அகலமாக, கருகிய பழுப்புத் தடம். சட்டையைக் கருக்கிய அனுபவம் உள்ள யாருக்கும் அந்த வடிவம் தெரியும்.

"இது என்ன தாஸ்?"

"இஸ்திரிப் பொட்டி சார்."

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் செல்வி. கிளைக்கு எதிரில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவள். "சட்ட போடுறேன், பேண்டு போடுறேன், பள்ளிக்கூடத்து யூனிபாரம் போடுறேன். துப்பாக்கிக்குப் போட்டுக்குடுன்னு எவனாவது கேப்பானா? இந்த அண்ணன்தான் செல்ல எடுத்துக் காட்டி, வெள்ளக்காரனே போடுறான் பாருன்னாரு."

"அவன் கரண்டு பொட்டில பதமா போட்டான். நீ கரிப் பொட்டிய வச்சி ஒரேடியா அமுக்கிட்ட."

"துணி காஞ்சிப்போச்சின்னு நான் சொன்னன்ல? இன்னும் கொஞ்சம் அழுத்து, இன்னும் கொஞ்சம் அழுத்துன்னது யாரு, எங்க ஊட்டுக்காரரா?" என்னிடம் திரும்பினாள். "இவங்க மேனேஜரு துணியெல்லாம் நான்தான் சார் போடுறேன். பழி என் தலையில வுழும். அதான் கூடவே வந்துட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் துப்பாக்கியை இஸ்திரிக்குப் போட்டவர் இவர் ஒருவர்தான். சிரித்துக்கொண்டே அதை வாங்கி, வழக்கப்படி, தவறி வெடித்தால் குண்டு புதைவதற்காக மூலையில் இருக்கும் மணல் பெட்டிப் பக்கம் குழலைத் திருப்பிவைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தேன்.

தாஸ் பதறினார். "ஐயோ, ஒறைய வெட்டாதீங்க சார். கீறல் வுழுந்துடும்."

"உறையோடு எப்படித் திறப்பீங்க?"

"தொறக்கறதே இல்லயே சார். மொதல்ல ஒரு கீறலுக்கு எனக்கும் நைட்டு ஆளுக்கும் மேனேஜரு மெமோ குடுத்துட்டாரு. அப்பவே செருப்பு தைக்கிறவருகிட்ட குடுத்து ஒற போட்டுத் தச்சிட்டோம்."

"தோட்டா?"

"எல்லாம் பெல்ட்டுல இருக்கு சார். டூட்டி மாறும்போது தெனம் எண்ணித்தான் வாங்குறோம். துப்பாக்கி காலிதான்."

நூலை வெட்டினேன். உறையை உரித்தேன். திறக்கும் நெம்புகோல் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. கட்டைவிரலுக்கு வலித்தபடிதான் நகர்ந்தது. குழல் மடங்கித் திறந்தது.

இரண்டு ஓட்டையிலும் இரண்டு பித்தளை வட்டங்கள் தெரிந்தன. பாசி படிந்தது போலப் பச்சை பூத்திருந்தன. இரண்டும் சுடாத தோட்டாக்கள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு விதிமுறை தெரியும். அடுத்து என்ன செய்ய வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எல்லாம் தெரியும். சொல்வதற்கு வாய்தான் திறக்கவில்லை.

"அது எங்களுது இல்ல சார்" என்றார் தாஸ். பெல்ட்டைக் கழற்றி எண்ண ஆரம்பித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினார். பாவம், எத்தனை முறை எண்ணினாலும் குழலுக்குள் இருக்கும் இரண்டு அந்தக் கணக்கில் வராது.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. தாஸுக்கு முன்னால் இருந்த காவலாளி லீவில் போனவர் திரும்பி வரவில்லை. போவதற்கு முன் எப்போதோ ஒரு நாள் எதற்கோ பயந்து, பெல்ட் கணக்கில் சேராமல் தன்னிடமிருந்த இரண்டு தோட்டாக்களைக் குழலில் போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. தாஸ் வந்த வாரமே கீறல், மெமோ, உறை. அதன்பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு காவலாளி இன்னொருவரிடம் துப்பாக்கியை ஒப்படைத்திருக்கிறார். மேலாளர் பக்கத்தில் நின்றிருக்கிறார். டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, உறைக்கு வெளியே தெரியும் மரத்தில் புதிதாகக் கீறல் இருக்கிறதா என்று மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். குழலை ஒருவரும் பார்க்கவில்லை.

செல்விதான் முதலில் பேசினாள். சண்டைக் குரல் போய்விட்டது.

"அண்ணா, நான் பொட்டிய வச்சப்ப அது எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துச்சு?"

தாஸ் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தள்ளுவண்டியின் பலகை குறுகல். பின்கட்டையை அதன்மேல் கிடத்தினால் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியை வைத்து அழுத்தும்போது வழுக்கிக்கொண்டு போகும். போகாமலிருக்க யாராவது எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அவர் கை மெதுவாக மேலே வந்தது. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"இங்கதான் சாத்தி வச்சிருந்தேன்."

செல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு கையாலயும் அமுக்கினேனே" என்றாள்.  அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். ஈரத்தில் வீங்கி இறுகிப்போன தோட்டாக்களை எப்படி எடுத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படிக்காதவர் அந்த வேலையைத் தொடக் கூடாது. படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் தோட்டா வெடிக்குமா என்று கேட்பீர்கள். அநேகமாக வெடிக்காது. எடுத்து முடித்தபோது நானும் அந்த 'அநேகமாக'வைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சுவிட்டேன். பிறகு தாஸை உள்ளே கூப்பிட்டேன். காலிக் குழலை அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னேன். துப்பாக்கியை மூடி, மணல் பெட்டிப் பக்கம் திருப்பி, விசையைத் தொடாமல், பின்கட்டையில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். உள்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனை அது.

டக்.

துப்பாக்கிக்குள் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் வலது பக்கத்துச் சுத்தி தானாக விழுந்தது. கரிப் பெட்டியின் எடை என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைத் துப்பாக்கியின் கட்டையில் செல்வி எத்தனை தடவை தூக்கித் தூக்கி வைத்தாள் என்பது தாஸுக்குத் தெரியும். அந்தச் சத்தம் எதற்கு என்று நான் விளக்கவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இதற்கிடையில் மேலாளர் போன் செய்தார். என்னிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் என்னை 'முசே' என்று, பிரெஞ்சுக்காரர் பாணியில் ஐயா போட்டுக் கூப்பிடுவார்.

"முசே, கீறல் போச்சா?"

என்ன கண்டேன் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மனிதனுக்கு வர வேண்டிய அதிர்ச்சி வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

"சரி, அத்த உட்டுடுங்க. வெளிய தெரிய வேணாம். தோட்டாவக் கடல்ல கிடல்ல போட்டுடுங்க. மரத்துக்குக் கலர் மட்டும் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க. இஸ்திரி போட்டவன நாளைக்கு ஆபீசர் முன்னாடியே வூட்டுக்கு அனுப்பிடுறேன்."

தாஸ் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். போனில் மேலாளர் உரக்கப் பேசியதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. "சார், தோட்டா சமாச்சாரத்த எழுதாம உட்டுடுங்க சார். பொட்டி வச்சதுக்கு மட்டும்னா காலுல வுழுந்தாவது நிப்பேன். இதுவும் சேந்தா என் வேல போயிடும். இந்த வயசுல எவன் எடுப்பான்?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சுடாத தோட்டாவோடு துப்பாக்கி வந்தால் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். தட்டினாலே சுத்தி விழும் துப்பாக்கி வெளியே போகக் கூடாது. இரண்டையும் செய்தேன். இரக்கப்பட்டு விதியை வளைத்தால், அடுத்த தடவை வயிற்றைக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். ஆனால் விதியைச் செய்து முடித்ததோடு நம் வேலை தீர்ந்ததென்று கையைக் கழுவிக்கொள்ளலாமா? மறுநாள் அந்த அதிகாரியிடம் மேலாளர் சொல்லப்போகும் கதையில் ஒரு முட்டாள் காவலாளியும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் மட்டும்தான் இருக்கும். மூன்று பேர் கூடி நின்று மரத்தை மட்டும் பார்த்தது இருக்காது.

மேலாளரை நானே கூப்பிட்டேன். துப்பாக்கி வராது, உங்கள் அதிகாரி இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். கத்தினார். காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அதுவும் ஒரு பாதுகாப்பு முறைதான்.

கருகிய இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தேன். நல்லவேளை, கருகல் ஆழமாகப் போகவில்லை. வெட்டை நிரப்பவில்லை, நிறம் ஏற்றவில்லை. அவசரத்துக்கு நிறம் ஏற்றிய மரம் பொய் சொல்லும். எண்ணெய் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசிச் செய்ய வேண்டிய வேலை அது. நாள் பிடிக்கும். கட்டையில் வெளிறிய ஒரு தீவு அப்படியே இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். மேலாளர் கையில் ஒரு தாளோடு பின்னாலேயே வந்தார். தாஸ் சீருடையில், சுவர் ஓரமாக நின்றார். துப்பாக்கி மேசைமேல் மூடிக் கிடந்தது. நான் முன்பே காலி செய்து, பார்த்து வைத்திருந்தேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக மரத்தில் குனிந்தார். விரலால் தடவினார்.

"இந்த எடம் ஏன் வெளுத்திருக்கு?"

"கார்டோட கவனக்குறைவு சார்" என்றார் மேலாளர். "மெமோ ரெடியா இருக்கு. ஆளை மாத்திடலாம்."

தாஸ் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஓரடி முன்னால் வந்தார்.

"சார், மரத்த அப்பறம் பாருங்க. மொதல்ல தொறந்து பாருங்க."

"யோவ், சும்மா இரு" என்றார் மேலாளர்.

அதிகாரி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "எப்படித் தொறக்கிறது?" என்று கேட்டார்.

கிளை கிளையாகப் போய்த் துப்பாக்கிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தாளைப் பார்த்தார். முந்தின நாள்தான் என்னிடம் கற்றுக்கொண்ட தாஸ் துப்பாக்கியை வாங்கி, மணல் பெட்டிப் பக்கம் திருப்பி, நெம்புகோலைத் தள்ளித் திறந்து காட்டினார். இரண்டு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தது. இதில் ரெண்டு இருந்துச்சு சார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கீறல், மெமோ, உறை, தள்ளுவண்டி. வயிற்றில் கை வைத்துக் காட்டினார். ஒன்றையும் தனக்குச் சாதகமாகக் குறைத்துச் சொல்லவில்லை.

தட்டில் வைத்திருந்த பச்சை பூத்த தோட்டாக்களை அதிகாரி பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. மேலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஒற... மத்த கிளையிலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் தச்சிட்டாங்க சார். போன தடவ நீங்கதான நம்ம கிளையப் பாத்து எல்லாரும் கத்துக்கணும்னு பாராட்டிட்டுப் போனீங்க."

அதிகாரி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் வைத்திருந்தார். பிறகு எழுந்து மேலாளர் கையிலிருந்த மெமோவை வாங்கிப் படித்தார். நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது வேணாம். இதுல மொதல்ல என் பேர எழுதணும்" என்றார். தாஸிடம், "வண்டில ஏறுங்க. சார், நீங்களும் வரணும்" என்றார்.

நான் மணல் வாளியோடும் கருவிப் பெட்டியோடும் ஏறினேன். அன்று முழுவதும் கிளை கிளையாகப் போனோம். விதி தெளிவாக இருந்தது. திறப்பது நான். உறையை வெட்டுவது தாஸ். கீறல் விழும் என்று ஒவ்வொரு மேலாளரும் சொன்னார். அதிகாரி ஒவ்வொருவரிடமும், "விழட்டும்" என்றார். முதலில் பார்த்தது காலி. அடுத்ததும் காலி. 

நகரத்துக்கு வெளியே இருந்த கடைசிக் கிளையில், காவலாளி துப்பாக்கியைக் கால் அருகில் நிறுத்தி, குழலின் வாயை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி, அதன்மேல் மோவாயை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நீங்கள் எல்லாரும் ஏதாவதொரு வாசலில் பார்த்திருப்பீர்கள். தாஸ் கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அந்தக் காவலாளியின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழலிலிருந்து விலக்கினார்.

"இன்னாண்ணே, புதுசா கீது?" என்று அவர் சிரித்தார்.

நூல் அறுந்தது. நான் திறந்தேன். இடது குழலில் வெளிச்சம் இருந்தது. வலது குழலில் ஒரு பித்தளை வட்டம் இருந்தது.

அந்தக் காவலாளியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. கையைத் தன் மோவாயில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார். தாஸ் வாசலில் இருந்த இரும்பு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருண்ணே" என்றார். "கொஞ்ச நேரம் நிக்க முடியாது."